கரடி சாயங்காலம் வாங்கிய செருப்பு

ஒரு காட்டில் அன்று விடிந்ததிலிருந்தே ஒரே ஆரவாரம், குழந்தைகளே! அணில்கள் கிளைக்குக் கிளை ஓடிச் சேதி சொல்லின. முயல்கள் கட்டுச்சோறு மடிக்க இலை பறித்தன. மான்கள் காரணமே இல்லாமல் துள்ளின. ஏன் தெரியுமா? தேன்மலை நடைக்கு நாள் குறித்தாகிவிட்டது!

தேன்மலை பக்கத்தில் இல்லை. காட்டைத் தாண்டி, நெருஞ்சி முள் மண்டிய பொட்டலைத் தாண்டி, வெயிலில் தோசைக்கல்லாகக் காயும் கரும்பாறைகளையும் தாண்டிப் பல நாள் நடக்க வேண்டும். அதனால் அந்தக் காட்டு விலங்குகள் இந்த நடைக்கு மட்டும் நம்மைப் போல இரண்டு காலில் நிமிர்ந்து, செருப்புப் போட்டுக்கொண்டு போகும். நான்கு காலுக்கும் செருப்பு வாங்க யாரால் முடியும்?

கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் முரசு அடித்துக்கொண்டு போவார். அந்த முரசுச் சத்தம் உச்சியில் கேட்டால்தான் மலைத் தேனீக்கள் பழைய தேனடைகளை விட்டு விலகி, தேனை எடுத்துக்கொள்ள விடும். இது காட்டுக்கும் தேனீக்களுக்கும் உள்ள ஒப்பந்தம். அதில் கறாரான விதி ஒன்று உண்டு. முரசு வழியில் கை மாறக் கூடாது. முரசுக்காரர் தன் காலால் நடந்தே மலை ஏற வேண்டும்.

முரசுக்காரன் மொந்தையன் என்கிற கரடி. பெரிய உடம்பு, பெரிய பாதம், அதைவிடப் பெரிய ஆசை. முரசில் கை வைத்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணீர் மறந்துபோகும்.

ஆனால் போன வருடம் பாவம், பாதி வழியில் ஒரு தட்டைப் பாறையின் மேல் உட்கார்ந்துவிட்டான். புதுச் செருப்பு கடித்துக் கால் முழுக்கக் கொப்புளம். யானையம்மாதான் அவனைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு திரும்பினாள். முரசு நின்றது. தேனும் போயிற்று. அத்தனை பேரும் வெறும் வாயோடு வீடு திரும்பினார்கள். அந்த அவமானம் மொந்தையனுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வருடம் யானையம்மா எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள்.

"மொந்தையா, இன்னும் ஒரே ஒரு தடவை உன்னை நம்பி முரசைக் குடுக்கறேன். இந்தத் தடவையும் நீ உக்காந்துட்டேன்னா, அடுத்த வருசத்துல இருந்து முரசு சிங்காரத்துக்குத்தான்."

"உக்கார மாட்டேம்மா! சத்தியமா உக்கார மாட்டேன்!" என்று மொந்தையன் நெஞ்சில் அடித்துச் சொன்னான்.

சிங்காரம் என்பது நரி. வாலைத் தினமும் மூன்று வேளை வாரிக்கொள்பவன். மலையில் இறங்கும் முதல் தேனடை முரசுக்காரருக்கு என்பது வழக்கம். அந்த முதல் அடையின் மேல்தான் அவனுக்கு ஒரு கண். இல்லை, இரண்டு கண்ணும்.

மறுநாள் காலை, மருத மரத்தடியில் செருப்புக் கடை திறந்தது. கடைக்காரர் ஊசிமுத்து என்கிற முள்ளம்பன்றி. தைக்க ஊசி தேடி அவர் எங்கும் போக வேண்டியதில்லை, முதுகிலிருந்தே ஒன்றை உருவிக்கொள்வார். பாக்குமட்டையில் அடிப்பாகம், தென்னைநாரில் வார், விதவிதமாக அடுக்கி வைத்திருந்தார்.

"ஆம்பளைங்க செருப்பு இந்தப் பக்கம்! தள்ளாதீங்க, தள்ளாதீங்க! முதுகுல முள்ளு இருக்கு, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது!"

மொந்தையன் ஆவலில் சரியாகக்கூடத் தூங்கவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்றான். அவனுக்குப் பின்னால் சிங்காரம். கடைக்குள் நுழைந்ததுமே சிங்காரம் ஒரு ஜோடியைத் தூக்கிக் காட்டினான். அடடா, என்ன அழகு! அரக்குப் பூசிச் சிவப்பாகப் பளபளத்தது. வாரில் குன்றிமணிகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"மொந்தையண்ணே, முரசடிச்சுக்கிட்டு முன்னால போறவருக்கு இதுதான் எடுப்பா இருக்கும். உக்காந்து போட்டுப் பாருங்கண்ணே!"

மொந்தையன் மரக்கட்டையில் உட்கார்ந்து காலை நுழைத்தான். நுழைந்துவிட்டது! எழுந்து கடையின் கோரைப்பாய் மேல் இரண்டு எட்டு வைத்தான். மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தால் குன்றிமணிகள் அவனைப் பார்த்துக் கண் சிமிட்டின. மனசு குதித்தது.

"பொருத்தமா இருக்குடா சிங்காரம்! சுண்டு விரல் பக்கம் மட்டும் லேசா உரசுது."

"அது ஒண்ணுமில்லண்ணே. புதுசு இல்லையா? போகப் போகத் தளர்ந்துடும்."

போகப் போகத் தளர்ந்துடும்!

மொந்தையன் அப்படியே நின்றான். இந்தப் பேச்சை இதே இடத்தில் போன வருடமும் கேட்டிருக்கிறானே! அன்றும் காலை நேரம். அன்றும் இதே மரக்கட்டை, இதே கோரைப்பாய். அன்றும் செருப்பு பிரமாதமாகத்தான் இருந்தது. கடித்தது எப்போது? நடுப்பகலுக்கு மேலே. வெயிலில் நடந்து நடந்து, முரசின் பாரமும் சேர்ந்து, கால் பணியாரம் மாதிரி உப்பிய பிறகு. தளர்ந்தது செருப்பு இல்லை, அவன்தான்!

"ஊசிமுத்தண்ணே, நான் இப்ப வாங்கல. சாயங்காலம் வர்றேன்" என்றான் மொந்தையன்.

கடையே திரும்பிப் பார்த்தது.

"என்னய்யா விளையாடறே? கூட்டத்தைப் பாரு! சாயங்காலம் வந்தா என்ன மிஞ்சும்னு எனக்கே தெரியாது. எடுத்து வைன்னு மட்டும் சொல்லாதே, அந்தப் பழக்கம் நம்மகிட்ட இல்ல" என்றார் ஊசிமுத்து.

மொந்தையன் அடுக்கியிருந்த ஜோடிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். எல்லாம் விற்றுப்போனால்? வெறுங்காலோடு கரும்பாறையில் ஒரு நாள்கூட நடக்க முடியாது. முரசு கையை விட்டுப் போய்விடும். இருந்தாலும் சிவப்புச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டான். வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

சிங்காரம் விழுந்து விழுந்து சிரித்தான். தான் விரித்த வலையில் கரடி விழவில்லையே என்று ஒரு வருத்தம் இருந்தாலும், வெறுங்கால் கரடியால் என்ன கிழிக்க முடியும் என்று சமாதானம் செய்துகொண்டான். கடையில் தன் அளவிலும் அதே சிவப்பு ஜோடி இருந்தது. "என் கால் ஒல்லிக்கால். எனக்கெல்லாம் கடிக்காது" என்று அதை வாங்கி மாட்டிக்கொண்டு, குட்டையில் தன் அழகைப் பார்க்கப் போய்விட்டான்.

மொந்தையன் என்ன செய்தான் தெரியுமா? வீட்டுக்கு ஓடி முரசைத் தூக்கி முதுகில் கட்டிக்கொண்டான். காய்ந்து கிடந்த ஆற்றுப்படுகைக்குப் போனான். கூழாங்கல் மேல் நடந்தான், நடந்தான், அப்படி நடந்தான்! வெயில் ஏறியது, நடந்தான். நாக்கு வறண்டது, நடந்தான். நடுநடுவே கடை ஞாபகம் வந்து, இந்நேரம் எத்தனை ஜோடி போயிருக்குமோ என்று பகீரென்றது. வெயில் சாய்கிற நேரத்தில் குனிந்து பார்த்தான். பாதம் இரண்டும் நன்றாக வீங்கி, அகலமாகி, சிவந்திருந்தன.

"ஆகா! இதுதான் என் கால்! காலையில பாத்தது வேற யாரோட காலோ!" என்று கத்தினான். வீங்கிய காலைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட கரடியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

விழுந்தடித்துக் கடைக்கு ஓடினான். ஊசிமுத்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மிஞ்சியிருந்தவை மூன்றே ஜோடி.

முதலாவது காலையில் போட்டுப் பார்த்த அதே சிவப்பு ஜோடி. யாருக்கும் அளவு சரியில்லாமல் கிடந்தது. மொந்தையன் காலை விட்டான். பாதி கூட நுழையவில்லை! காலையில் சறுக்கிக்கொண்டு போன அதே செருப்பு!

இரண்டாவதில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. போட்டதும் மேகத்தில் நிற்பதுபோல் சுகமாக இருந்தது. "இதுதான், இதுதான்!" என்று குதித்தான். முரசோடு பாறைமேல் நாலு எட்டு வைத்ததும் பாதம் உள்ளே புதைந்து, கணுக்கால் ஒரு பக்கமாகப் பிசகப் பார்த்தது. கழற்றிவிட்டான்.

மூன்றாவதைப் பார்த்ததும் அவனுக்கே முகம் சுருங்கியது. சேற்று நிறம். முறம் மாதிரி அகலம். குன்றிமணி கிடையாது, ஒன்றும் கிடையாது.

"அது எருமைக்குன்னு தைச்சதுய்யா. அதுவே பாத்துட்டு, அழகா இல்லைன்னு விட்டுட்டுப் போயிடுச்சு" என்றார் ஊசிமுத்து.

மொந்தையன் கண்ணை மூடிக்கொண்டு காலை விட்டான். விரல்கள் விரிந்து படுத்துக்கொண்டன. குதிகாலைப் பின்வார் இறுக்காமல் பிடித்துக்கொண்டது. விரல் மடங்குகிற இடத்தில் செருப்பும் மடங்கியது. பாறைமேல் நடந்தான். மண்மேல் நடந்தான். சரிவில் ஏறினான், இறங்கினான். மருத மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். எங்கேயும் உரசவில்லை!

"யோவ், கடைய சாத்தணும்யா! வீட்ல என் பிள்ளைங்க தேடும்!" என்று ஊசிமுத்து கெஞ்சினார்.

"இதோ, இன்னும் ஒரு சுத்து!" என்று மொந்தையன் ஓடினான். அவன் சிரிப்பு காதுவரை போயிருந்தது.

நடைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அதுவரை தண்ணீர் குடிக்கப் போனாலும், பழம் பொறுக்கப் போனாலும் அந்தச் செருப்போடே போனான். பார்த்தவர்களெல்லாம் "எருமைச் செருப்பு! எருமைச் செருப்பு!" என்று கேலி செய்தார்கள். அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கால் வலிக்கவில்லை.

நடை தொடங்கியது! டம், டம், டம்! முரசோடு மொந்தையன் முன்னால் போக, மான்களும் முயல்களும் குரங்குகளும் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் போயின. கடைசியில் யானையம்மா. சிங்காரமோ வரிசையிலேயே நிற்கவில்லை. மொந்தையனுக்கும் முன்னால் ஓடிப்போய், திரும்பி நின்று, தன் சிவப்புச் செருப்பைத் தூக்கித் தூக்கிக் காட்டினான்.

நடுப்பகல் ஆனது. சிங்காரம் மொந்தையனுக்குப் பக்கத்தில் வந்தான். வெயில் சாய்ந்தபோது அவனுக்கும் பின்னால் போனான். "காட்சி நல்லா இருக்கு, மெதுவா ரசிச்சுக்கிட்டு வர்றேன்" என்றான். காட்சி என்ன காட்சி? வெறும் பொட்டல்!

மறுநாள் காலை, நொண்டிக்கொண்டே மொந்தையனிடம் வந்தான். குரலில் தேன் வழிந்தது.

"அண்ணே, எனக்கு ராத்திரி பூரா மனசு கேக்கல. முரசுக்காரர் எருமைச் செருப்புல போறதும், நான் குன்றிமணிச் செருப்புல போறதும் நியாயமா? மாத்திக்கலாம்ணே. வாரைத் தளர்த்தினா உங்களுக்குச் சரியா இருக்கும். உங்க மரியாதைக்காகச் சொல்றேன்."

குன்றிமணிகள் காலை வெயிலில் மினுமினுத்தன. மொந்தையனுக்கு உள்ளுக்குள் ஆசை எட்டிப் பார்த்ததை நான் மறைக்கப்போவதில்லை. அவன் சிவப்புச் செருப்பைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அதுக்கென்ன சிங்காரம், போட்டுப் பாத்துட்டா போச்சு. சாயங்காலம் போட்டுப் பாக்கலாம்!"

டம், டம், டம்! முரசு கிளம்பிவிட்டது.

சாயங்காலம் வரை சிங்காரத்தால் தாங்க முடியவில்லை. கரும்பாறையின் நடுவில், ஒரு தட்டைப் பாறையைப் பார்த்ததும் "அம்மா!" என்று அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அது எந்தப் பாறை தெரியுமா? போன வருடம் மொந்தையன் உட்கார்ந்த அதே பாறை! செருப்பைக் கழற்றிப் பார்த்தால் ஒல்லிக்கால் முழுக்கக் கொப்புளம்.

யானையம்மா தும்பிக்கையை நீட்டி அவனைத் தூக்கி முதுகில் வைத்தாள். குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. சிங்காரம் வாலால் முகத்தை மூடிக்கொண்டான்.

மொந்தையனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முதுகில் உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியுமே!

"மூஞ்சிய மூடாதே சிங்காரம். மேல இருந்து பாத்தா மலை ரொம்ப நல்லாத் தெரியும். போன வருசம் நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனான்.

அடுத்த நாள் நடந்தார்கள், அதற்கடுத்த நாளும் நடந்தார்கள். கடைசி ஏற்றத்தில் மொந்தையனுக்கு மூச்சு வாங்கியது, தோள் கடுத்தது, வியர்வை கண்ணை மறைத்தது. கால் மட்டும் பேசாமல் தன் வேலையைப் பார்த்தது. உச்சியில் நின்று ஓங்கி அடித்தான். டம்! டம்! டம்! பாறை இடுக்குகளிலிருந்து தேனீக்கள் கரும்புகையாக எழும்பி விலகின. பின்னால் வெயில் பட்டுப் பொன்னாக மின்னின தேனடைகள். காடே கத்திய கத்தலில் மலை அதிர்ந்தது. மொந்தையன் அழுதுகொண்டே அடித்தான், அடித்துக்கொண்டே அழுதான்.

முதல் அடை அவன் கைக்கு வந்தது. அவன் அதைப் பிட்டு, பாதியை யானையம்மாவின் முதுகுக்கு நீட்டினான்.

சிங்காரம் தேனை நக்கினான். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டான்.

"அண்ணே, ஊசிமுத்து சாயங்காலம் எதுவரைக்கும் கடை திறந்து வச்சிருப்பாரு?"

நீதி: நெடுந்தூரம் துணைக்கு வர வேண்டியதை, களைத்திருக்கும்போது சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடு.