பதினோராவது ஆள்

முன்னொரு காலத்தில், மேற்கு மலைக்குக் கீழே, மழை பொய்த்தாலும் திராட்சை பொய்க்காத ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் மனசில் எது தோன்றுகிறதோ அது அந்த நாழிகையே சட்டமாகிவிட வேண்டும். காலையில் அவர் தும்மினால் சாயங்காலத்துக்குள் மிளகு விற்கத் தடை வந்துவிடும்.

அந்த நாட்டில் ஒச்சம்மா என்று ஒருத்தி இருந்தாள். தன் தோட்டத்துத் திராட்சையைப் பிழிந்து மதுவாக்கி, ஜாடிகளில் ஊற்றி, வாயைக் களிமண்ணால் பூசி வைப்பாள். தை பிறந்ததும் ஒரு நாள் குறித்து, ஒரே ஒரு ஜாடியை மட்டும் உடைப்பாள். ஊர் ஊராக வந்த வியாபாரிகள் அவளுடைய ருசிக்கூடத்தில் அந்த ஜாடியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு கோப்பை குடித்துப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் மற்ற ஜாடிகளுக்கு விலை பேசுவார்கள். கண் முன்னால் மொண்டு கொடுக்காத கோப்பையை எந்த வியாபாரியும் தொடமாட்டான். வெளியே கொண்டுவந்து கொடுத்தால், உள்ளே இருப்பது வேறு, இது வேறு என்று சந்தேகப்படுவான். உள்ளே போனவன் விலை முடியும்முன் வாசலைத் தாண்டிவிட்டால் அந்த வருஷம் வாங்கும் உரிமை அவனுக்கு இல்லை. ஒச்சம்மாவின் மாமியாருக்கும் முந்திய வழக்கம் இது.

உடைத்த ஜாடிக்கு ஆயுசு கொஞ்சம். உச்சிவேளை தாண்டினால் புளித்துக் காடியாகிவிடும். வெயிலில் தூக்கி வைத்தாலோ, கேட்கவே வேண்டாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஜாவுக்கு மாறுவேடம் போடும் ஆசை வந்தது. எண்ணெய் வியாபாரி வேஷத்தில், பரிசாரகரையும் கூலியாள் வேஷத்தில் கூட்டிக்கொண்டு, ருசிக்கூடத்துக்குள் புகுந்தார். முதல் கோப்பை தனக்குத்தான் என்று ஜாடிப் பக்கம் முண்டியடித்தார். நிஜமான எண்ணெய் வியாபாரி ஒருவன் அவர் காலை நன்றாக மிதித்துவிட்டான். கட்டைவிரல் கத்தரிக்காயாக வீங்கியது. அன்று மாலையே முரசு முழங்கியது: ருசிக்கூடத்தில் மது ஊற்றுகிறவளைத் தவிர ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பதினோராவது ஆளுக்குக் கசையடி.

சென்ற வருஷம் ஒச்சம்மா ஆணைப்படியே பத்துப் பேராக விட்டாள். முதல் பத்துப் பேர் பேரம் பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அடுத்து வந்தவர்கள் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, காடி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பாதிக்கு மேல் ஜாடிகள் விற்கவில்லை. இந்த வருஷமும் அப்படியே போனால் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரகு விதைக்க வேண்டியதுதான்.

அதனால் ஒச்சம்மா நேரே ராஜசபைக்குப் போய் நின்றாள். கட்டுப்பாடே வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. வருகிற கூட்டத்தையும் இருக்கிற இடத்தையும் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ள அனுமதி தந்தால் போதும் என்றாள். ராஜா தாடியைத் தடவினார். கொஞ்சம் இளகுகிற மாதிரி இருந்தது. அப்போது தளவாய் திருமேனி எழுந்தார்.

"மன்னர் பெருமானே, ராஜ ஆணை என்ன இடுப்பு வேட்டியா, பந்திக்குத் தக்கபடி தளர்த்திக் கட்டுவதற்கு?"

சபையில் விகடகவியாக இருந்த தாண்டவன் கனைத்தான். ராஜா தம் வெற்றிலைப் பெட்டியைத் தாண்டவனுக்கு மட்டும்தான் நீட்டுவார். தளவாய்க்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்செரிச்சல்.

"தளவாயார் சொல்வதே நியாயம், மகாராஜா. ஆணை என்றால் எல்லாருக்கும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும்."

ஒச்சம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தளவாய் விடுவாரா? அப்படியானால் ஜாடி உடைக்கும் நாளில் தாண்டவனே வாசல் காவல் நிற்கட்டும், ஒரு கணம் பதினோரு பேர் இருந்தாலும் அவனுக்கு மொட்டையடித்து எல்லைக்கு வெளியே துரத்த வேண்டும் என்றார். தாண்டவன் குனிந்து கும்பிட்டு ஒப்புக்கொண்டான்.

வெளியே வந்ததும் ஒச்சம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா தாண்டவா, என் கழுத்துக் கயித்த அவுக்கச் சொல்லலாம்னு வந்தா, உன் கழுத்துக்கும் சேத்துல்ல திரிச்சிட்டு வந்திருக்க?"

"பயப்படாதே ஆத்தா. அன்னிக்கு ஒம்பது பேரை மட்டும் உள்ள விடுவேன். ஒரு எடம் காலியாக் கெடக்கட்டும்."

பத்தே போதாது என்று அழுகிறவளிடம் ஒன்பது என்றால் எப்படி இருக்கும்? ஊர் போய்ச் சேரும்வரை ஒச்சம்மா அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.

அந்த நாளும் வந்தது. வியாபாரிகள் வண்டிகளை அவிழ்த்துவிட்டு வாசலில் மொய்த்தார்கள். தாண்டவன் ஒன்பது பேரை உள்ளே விட்டு, குறுக்கே ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் ஒருத்தர் போகலாமே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டினான். உள்ளே ஒச்சம்மா சுத்தியலும் கையுமாக ஜாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரத்தில் தாரை தப்பட்டை கேட்டது. ராஜாவே வந்துவிட்டார். பின்னால் குடைக்காரன், சாமரம் வீசுகிறவர்கள், வெற்றிலைப் பெட்டிக்காரன், பரிசாரகர், தளவாய் என்று பெரிய பட்டாளம். முதல் நாள் ராஜாவின் காதைக் கடித்து அழைத்து வந்தவர் தளவாய்தான். ராஜாவைத் தடுத்தால் ராஜத்துரோகம். விட்டால் கூட்டம் பத்தைத் தாண்டும். எப்படியும் மொட்டை நிச்சயம் என்பது அவர் கணக்கு.

தாண்டவன் கம்பைத் தூக்கினான். "மகாராஜா வரவேண்டும். தங்களுக்கென்றே ஓர் இடம் காலியாக வைத்திருக்கிறேன்."

ராஜா மகிழ்ந்துபோய் உள்ளே நுழைந்தார். குடைக்காரன் ஓரடி வைத்தான். கம்பு இறங்கியது.

"மூடனே, இவர்கள் ராஜ பரிவாரம்" என்றார் தளவாய்.

"பரிவாரத்துக்கு விலக்கு என்று ஆணையில் இல்லையே, தளவாயாரே. கொஞ்சம் தளர்த்தலாமா? தாங்கள்தான் அது வேட்டி இல்லை என்றீர்கள்."

உள்ளே ஒச்சம்மா களிமண்ணைத் தட்டி உடைத்தாள். வாசம் கூடம் முழுக்கப் பரவியது. முதல் கோப்பையை மொண்டு ராஜாவிடம் நீட்டினாள். ராஜாவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

ராஜாவின் தாத்தாவுக்கு யாரோ பாலில் விஷம் வைத்த நாளிலிருந்து அந்த வம்சத்தில் ஒரு வழக்கம். பரிசாரகர் ராஜாவின் கண் முன்னால், பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று முதலில் ருசி பார்க்க வேண்டும். பிறகுதான் ராஜா தொடுவார். ராஜா தொடாமல் அந்த இடத்தில் வேறு யாரும் தொடமுடியாது. ஒன்பது வியாபாரிகளும் வெறும் கோப்பையோடு ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஒச்சம்மா சன்னல் வழியாக வெயிலைப் பார்த்தாள்.

"பரிசாரகரை உள்ளே விடு" என்றார் ராஜா.

"அவர் பதினோராவது ஆள், மகாராஜா. கசையடி அவருக்கு, மொட்டை எனக்கு."

ஒரு வியாபாரியை வெளியே அனுப்பலாமே என்றார் ராஜா. வியாபாரிகள் ஒன்பது பேரும் கும்பிட்டார்கள். வாசலைத் தாண்டினால் இந்த வருஷ வியாபாரம் போயிற்று என்று ஒச்சம்மா வழக்கத்தைச் சொன்னாள். பிறர் பிழைப்பைக் கெடுத்துக் குடிக்க ராஜாவுக்கு மனம் வரவில்லை. வாங்க வராதவர் அங்கே தாம் ஒருவர்தான் என்பது அவருக்கே தெரிந்தது. ஆகவே தாமே வெளியே வந்தார். பரிசாரகர் உள்ளே போனார். கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார்.

"நில்லும். என் கண்ணுக்குத் தெரியவில்லையே" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

வாசலில் நின்றால் ஜாடி தெரியாது. நடுவில் தூண் மறைத்தது. பக்கச் சுவரில் ஒரு சன்னல் உண்டு, ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே.

தாண்டவன் கைகட்டிக்கொண்டு சொன்னான்: "ஏறிப் பார்த்தால் தெரியும், மகாராஜா. ஆனால் தங்கள் பாதம் பட யார் முதுகுக்குத் தகுதி இருக்கிறது? தளவாயார் முதுகு ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது."

முடியாது என்று சொல்ல முடியுமா? தளவாய் குனிந்தார். ராஜா அவர் முதுகில் ஏறி, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

உள்ளே கல்யாணப் பந்தி போடுகிற அளவு கூடம். அதில் பத்துப் பேர், களத்துமேட்டில் சிந்திய நெல்லைப் போல அங்கொருவர் இங்கொருவர். தலையைத் திருப்பி வெளியே பார்த்தார். சுவரோரம் ஒரு முழ நிழலுக்காக வியாபாரிகள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். கீழே தளவாய் முனகினார்.

"தாண்டவா, இந்தக் கூடத்தில் எத்தனை பேர் நிற்கலாம்?"

"ஆளை எண்ணினால் தெரியாது, மகாராஜா. மெலிந்தவர் வருவார், பருத்தவர் வருவார், மூட்டையோடு வருவார். முழங்கையைக் கேட்டால் சொல்லும். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது பக்கத்து ஆள்மேல் முழங்கை இடித்தால், ஒருவர் அதிகம். இடிக்காவிட்டால், இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது."

ராஜா முதுகில் நின்றபடியே அதைச் சட்டமாக்கிவிட்டு, இறங்கிக் கூடத்துக்குள் போனார். தாண்டவன் கம்பை ஓரமாகச் சாய்த்தான். வியாபாரிகள் ஒவ்வொருவராக முழங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். பரிசாரகர் குடித்தார், ராஜா குடித்தார், பிறகு எல்லாரும் குடித்தார்கள். புளிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒச்சம்மாவுக்கு மொண்டு ஊற்றிக் கை ஓயவில்லை. விலை கேட்டுக் குரல்கள் எழுந்தன.

எல்லாருக்கும் கடைசியாகத் தளவாய் வந்தார். முதுகு நிமிரவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, முழங்கைகள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்க, வாசலில் நின்றார்.

"தளவாயாரே, இப்படியே வந்தால் தங்களுக்கு நாலு பேர் இடம் வேண்டும்" என்றான் தாண்டவன். "கையை எடுத்துவிட்டு வாருங்கள்."

தளவாய் கையை எடுத்தார். உடனே ஐயோ என்று மறுபடி ஊன்றிக்கொண்டார்.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். கோப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். சிரிப்பு அடங்குகிற வழியாக இல்லை. இரண்டு பக்கத்து வியாபாரிகளும் ஒதுங்கி ஒதுங்கிப் பார்த்தார்கள்.

"என் முழங்கை எல்லாரையும் இடிக்கிறது, தாண்டவா. மிச்சத்தை வெளியே போய்ச் சிரித்துக்கொள்கிறேன். ஒச்சம்மா வியாபாரத்தைப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு ராஜா வெளியே போனார். அவர் நின்ற இடத்தில், அதுவரை வாசலில் தவித்துக்கொண்டிருந்த ஒரு வெங்காய வியாபாரி கோப்பையோடு வந்து நின்றான்.