இரண்டை நிறுத்து, ஒன்றைத் தொடர்

கீழ ஒட்டங்குளத்தில் மூளைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூளை நிறையவே இருந்தது. ஆண்டி சகோதரர்கள் மூவரும் அதைப் புழங்கித் தேய்த்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மூத்தவர் சோலையாண்டி, நடுவில் மொட்டையாண்டி, கடைசி கருப்பாண்டி. மொட்டையாண்டியைக் கட்டிக்கொண்டு வந்த தவமணிக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

பிரசவம் பார்த்த டாக்டரம்மா ஒரு பாட்டில் சத்து மாத்திரை கொடுத்து, தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்னால் என்று சொல்லியிருந்தார். முதலில் மொட்டையாண்டி ஒருநாளும் தவறவில்லை. சோற்றுத் தட்டுக்குப் பின்னால் ஒரு மாத்திரையை வைத்துவிட்டுப் போய்விடுவான். அதை எடுத்து விழுங்க வேண்டும் என்பது தவமணியாகக் கண்டுபிடித்தது.

பாட்டிலில் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று போட்டிருந்தது. கருப்பாண்டி பிள்ளையின் கையை நூல் பிடித்து அளந்தான். ஒரு சாண்கூடத் தேறவில்லை.

“நாமளும் நம்ம அம்மாவுக்குக் குழந்தைங்கதானடா?” என்றார் சோலையாண்டி.

மூவரும் யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. பாட்டில் தென்னை மரத்து உச்சிக்குப் போனது. நாலு நாள் கழித்து, தவமணி பச்சை உடம்போடு மரத்தடியில் நின்று போட்ட சத்தத்தில்தான் இறங்கி வந்தது.

விட்டுப்போன நாலு நாளை ஈடுகட்ட மூத்தவர் டவுனில் வேறொரு பாட்டில் வாங்கினார். கருப்பாண்டி போனில் பார்த்து இன்னொன்று வரவழைத்தான். மூன்றிலும் ‘தினம் ஒன்று’ என்றே இருந்ததால், தினம் மூன்று என்று முடிவாயிற்று.

தவமணி மூன்றையும் வாசித்தாள். எல்லாவற்றிலும் அதே சத்துகள்தான். அளவு மீறினால் தனக்கும் ஆகாது, பால் வழியே பிள்ளைக்கும் போகுமே என்று மூன்றையும் மூடித் தள்ளி வைத்தாள்.

“டாக்டரம்மாவைக் கேக்காம நான் எதையும் வாயில வைக்க மாட்டேன்” என்றாள்.

சொன்னது தப்பாகிவிட்டது. மறுநாள் காலை இட்லிக்கு ஒருமுறை, சட்னிக்கு ஒருமுறை, அவள் தண்ணீர் கேட்டபோது ஒருமுறை என்று ஆஸ்பத்திரிக்குப் போன் பறந்தது. பன்னிரண்டாவது போனில் டாக்டரம்மா, பாட்டில்களை எடுத்துக்கொண்டு மூவரும் நேரில் வரும்படி சொன்னார்.

மத்தியானம் தவமணி வெளியே வந்து பார்த்தபோது, சோலையாண்டி மட்டும் வாசலில் குந்தியிருந்தார். எதிரே இரண்டு பாட்டில்கள் நேராக நின்றன. காற்றில் சாயாமல் பக்கத்துக்கு ஒரு கையாக அணை கொடுத்திருந்தார்.

“இந்த ரெண்டையும் நிறுத்தச் சொல்லிட்டாங்கம்மா” என்றார்.

தவமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மா கொடுத்தது எங்கே என்று கேட்டாள்.

“அதைத் தொடரச் சொன்னாங்க. பாட்டிலுக்குக் கால் இல்லையே, அது போனாத்தானே தொடர முடியும்? அதான் கருப்பன் பஸ்ல கொண்டுபோறான்.”

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தவமணி ரோட்டுக்கு ஓடினாள். பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் கருப்பாண்டி, மடியில் பாட்டில். பஸ்ஸுக்குப் பத்தடி பின்னால் மொட்டையாண்டியும் மரியாதையாக நின்று மூச்சு வாங்கினான்.

ஏறிப்போய் அதை வாங்கி வரும்படி அவள் கெஞ்சினாள்.

“ஏறினா பாட்டில்கூடப் போறதா ஆயிடும் தவமணி. டாக்டரம்மா தொடரத்தான் சொல்லியிருக்காங்க.”

கண்டக்டர் விசில் அடித்தார். மொட்டையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பத்தடி குறையாமல் பின்னால் ஓடினான்.