சேந்தன் புதுக்கிய வீடு

கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே. கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தள்ளிக் கிடந்த காலம் அது. பவளத்துறை என்ற பட்டினத்தில் சேந்தன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். கெட்டவன் இல்லை. அளவில் குறைக்க மாட்டான், கூலியை இழுத்தடிக்க மாட்டான், பசியென்று வந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

சேந்தனுக்கு இரண்டு வீடுகள். பெரிய வீட்டில் அவனும் மனைவி கோதையும் இருந்தார்கள். அதை ஒட்டியிருந்த சின்ன வீட்டில் இளநாகன் வாடகைக்குக் குடியிருந்தான். தோணிப் பலகைகளின் இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசி, தண்ணீர் கசியாமல் அடைப்பது அவன் தொழில். அவன் மனைவி மருதி. மூத்த மகள் அல்லி, அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள்.

வீடு பழசு. கூரை ஒழுகும், சுவர் உதிரும், மழைக்காலத்தில் கதவு ஊறிப்போய்ச் சாத்தாது. ஆனாலும் இளநாகன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கலியாணம் முடித்து மருதியை அழைத்து வந்தது அந்த வீட்டுக்குத்தான்.

அப்போது அரசர் பவளத்துறையில் பெரிய சுங்கச் சாவடி ஒன்று கட்டுவித்தார். அதிகாரிகள் வரப்போகிறார்கள், அவர்களுக்கு நல்ல வீடு தேவைப்படும் என்று ஊரெல்லாம் பேச்சு. சேந்தன் தன் சின்ன வீட்டைப் பார்த்தான். பக்கத்து வீட்டில் ஓர் அதிகாரி இருந்தால் கடைத்தெருவில் தன் மதிப்பு எப்படி உயரும் என்று நினைத்துப் பார்த்தான். குங்கிலிய வாடை அன்றைக்குத்தான் முதன்முதலாக அவன் மூக்கில் உறைத்தது.

வீட்டைப் புதுக்கலாம் என்று முடிவு செய்தான். ஆனால் இத்தனை காலம் இருந்தவனிடம் எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. அதனால் இப்படிச் சொன்னான்:

"இளநாகா, வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறேன். அதுவரை வேறெங்காவது இருந்துகொள்ளுங்கள்."

அதுவரை. அந்த ஒரு சொல்தான். திரும்பி வா என்று அவன் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இளநாகன் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பெண்டாட்டி பிள்ளைகளோடு கடற்கரையில் ஒரு தோணிக் கொட்டகையில் போய்த் தங்கினான். உப்புக்காற்றில் பிள்ளைகளின் உதடு வெடித்தது. கொஞ்ச காலம்தானே என்று மருதி எண்ணெய் தடவிவிட்டாள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். இளநாகன் மாலையானால் தன் வேலையை முடித்துவிட்டு இந்த வீட்டு வேலைக்கு வந்துவிடுவான். கொத்தனுக்கு மண் குழைத்துக் கொடுத்தான், கல் சுமந்தான். கூலி கொடுக்கப் போனால் சிரித்தான். நாம் இருக்கப்போகிற வீட்டுக்கு நாமே கூலி வாங்குவதா என்று கேட்டான்.

சுவர் எழும்பியபோது, தென்பக்கம் ஒரு சன்னல் வைத்தால் மருதிக்கு அடுப்பங்கரையில் புழுங்காது என்றான். கொத்தன் சேந்தனைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று சேந்தன் நினைத்தான், சொல்லவில்லை. சன்னல் நல்லதுதான், யார் வந்தாலும் உதவும் என்று தலையாட்டினான். வீடு திரும்பியதும் கோதை கேட்டாள்.

"சொல்லிவிட்டீர்களா?"

"நாளைக்குச் சொல்கிறேன்."

ஓடு வேய்ந்தபோது இளநாகன் மேலே ஏறி, தோணிக்குச் செய்வதுபோலவே ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தான். அவன் இறங்கி வந்தபோது கையெல்லாம் கொப்புளம். சேந்தன் அந்தக் கையைப் பார்த்தான். அன்றும் கோதை கேட்டாள். அன்றும் அவன் நாளைக்கு என்றான்.

தரை போட்டபோது மருதியும் வந்தாள். முழங்காலில் உட்கார்ந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினாள். அல்லி அறை அறையாக ஓடி, மேற்கு மூலையில் தான் படுத்துக்கொள்வதாகத் தம்பிகளிடம் சண்டை பிடித்தாள். சேந்தன் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த முறை கோதை எதுவும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

சுங்க அதிகாரிக்கு வீடு பிடித்துப்போயிற்று. அவர் குடிவரும் நாளுக்கு முன்னால் ஆளனுப்பி இளநாகனிடம் சொல்லிவிட வேண்டும் என்று சேந்தன் எண்ணியிருந்தான். எண்ணியதோடு சரி.

அன்று காலையில் அதிகாரியின் வண்டிகள் வாசலில் வந்து நின்றன. அதே வேளையில் கடற்கரைப் பக்கமிருந்து இளநாகன் குடும்பமும் வந்தது. சுண்ணாம்பு அடித்தாயிற்று, கதவு மாட்டியாயிற்று, நாளும் நல்ல நாள் என்று பார்த்துப் புறப்பட்டு வந்திருந்தார்கள். இளநாகன் தோளில் பாய்ச்சுருள். மருதியின் கையில் புதுவீட்டில் காய்ச்சுவதற்குப் பால்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"இவர்கள் யார்?"

சேந்தனுக்கு உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

"வேலைக்கு வந்தவர்கள்" என்றான்.

இளநாகன் அவனைப் பார்த்தான். வண்டிகளைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆமாம் ஐயா" என்றான் அதிகாரியிடம். "வேலைக்கு வந்தோம். முடிந்துவிட்டது."

மருதி பாலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நாம் உள்ளே போக வேண்டாமா என்று அல்லி கேட்டாள். வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

அதிகாரி நல்லவர், வாடகையைக் குறித்த நாளில் கொடுத்தார். கடைத்தெருவில் சேந்தனுக்கு எழுந்து நின்று வழிவிட்டார்கள். அவன் ஆசைப்பட்டது எல்லாமே கிடைத்தது. கோதை சண்டை போடவில்லை, சமைத்தாள், பரிமாறினாள். ஆனால் அவனிடம் எதையும் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். அந்த ஆண்டு பெருமழை பெய்து ஊரில் பாதிக் கூரைகள் ஒழுகின. அதிகாரி சேந்தனைக் கூப்பிட்டு, "ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லையே, கூரை அடைத்தது யார்?" என்று வியந்தார். சேந்தன் பேச்சை மாற்றினான்.

சில ஆண்டுகள் கழித்து அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். வீட்டைக் கேட்டு அவரைவிடப் பெரியவர்கள் வந்தார்கள். சேந்தன் யாருக்கும் கொடுக்கவில்லை. ஓடமேறி உப்பங்கழியைக் கடந்து, அக்கரை மீனவர் குப்பத்தில் விசாரித்து, இளநாகனைக் கண்டுபிடித்தான். கவிழ்த்த தோணி ஒன்றின் அடியில் அவன் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தான். எழுந்து வணங்கினான், உட்கார இடம் காட்டினான்.

சேந்தன் உட்காரவில்லை. வீடு காலியாக இருக்கிறது, வாடகை வேண்டாம், காலம் முழுக்க இருந்துகொள்ளுங்கள், என்னை மன்னித்துவிடு என்று ஒரே மூச்சில் சொன்னான்.

இளநாகன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்கள் முதல் நாளே போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன் ஐயா. உங்கள் வீடு, உங்கள் விருப்பம். கூப்பிட்டிருந்தால் கூலிக்கு வந்து அதே வேலையை அதே மாதிரி செய்தும் கொடுத்திருப்பேன். மனதில் ஒன்றும் இருந்திருக்காது."

"தெரியும்" என்றான் சேந்தன்.

"இது உங்களுக்குத் தெரியாது. கொட்டகையில் பிள்ளைகள் அழுதபோதெல்லாம் வீடு முடிந்ததும் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் சொன்னதை என் வாயால் சொன்னேன். அல்லிக்குப் பொய் சொன்னது நான் என்றுதான் பட்டது. இப்போது அவள் வளர்ந்துவிட்டாள், தங்கமான பெண். ஆனாலும் நான் எதைச் சொன்னாலும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறாள். அதை உங்களாலும் திருப்பித் தர முடியாது, என்னாலும் முடியாது."

கோபமே இல்லாமல்தான் சொன்னான். கோபம் இருந்திருந்தால் சேந்தன் காலில் விழுந்தாவது தணித்திருப்பான். ஓடத்துக்கு நேரமாகிறது என்று இளநாகன்தான் நினைவூட்டினான்.

அதற்குப் பிறகு சேந்தன் நெடுங்காலம் வாழ்ந்தான். யாரிடமும் எதையும் நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டதில்லை. அது அவனுக்கு உதவியது, மற்றவர்களுக்கும் உதவியது. இளநாகன் குடும்பத்துக்கு மட்டும் எந்த விதத்திலும் உதவவில்லை.

ஆகவே கேட்டவர்களே, ஒருவரைப் போகச் சொல்வதைவிட, போக வேண்டும் என்பதைச் சொல்லாமல் அவரை நம்பவிடுவதே பெரிய தீங்கு.