பதினோரு மாத ரசம்

இலஞ்சிக்குத் தெற்கே வயல் நடுவில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக்கூரை போட்ட ஒரு கூடம், ஒரு அடுப்படி, பின்னால் ஒரு கிணறு, அவ்வளவுதான். அங்கிருந்த சாமிக்கு நாற்பது வயது தாண்டவில்லை. அவருடைய சீடர் சொர்ணலிங்கத்துக்கோ அறுபத்திரண்டு. மூத்தவர் இளையவர் காலடியில் போய் உட்காருவதைப் பார்த்து ஊரில் நாலு பேர் சிரித்ததுண்டு. சொர்ணலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனிதர் முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறின உடனே முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காத ஆளைச் சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரை ஊர் சொன்னதைவிட அவர் சொல்லிக்கொண்டதுதான் அதிகம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கேட்டார்.

"சாமி, பொய் சொல்றவங்களைத் திருத்த என்ன வழி?"

"யாரு பொய் சொன்னா?"

"உலகம்மை."

உலகம்மை அவர் மனைவி. கூட்டுறவுச் சங்க ஆபீஸில் எழுத்தர். போன வருஷம் ஆள் பாதியாக இளைத்து, எது சாப்பிட்டாலும் வயிறு உப்பி, வலி தாங்காமல் சுருண்டு படுத்தாள். திருநெல்வேலியில் பெரிய டாக்டர் ஒருவர் சோதித்துப் பார்த்துச் சொன்னார். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது, அதை இந்த அம்மாவின் குடல் ஏற்காது. கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது. ஒரு துணுக்கு பட்டாலும் குடல் புண்ணாகும்.

அன்றைக்கே ராத்திரிச் சமையலைச் சொர்ணலிங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டார். அதுவரை வெந்நீர் வைக்கக்கூட அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். மற்றதில் என்ன குறை சொன்னாலும் இதில் அவரைக் குறை சொல்ல முடியாது, உயிரைக் கொடுத்துச் செய்தார். சப்பாத்திக் கட்டையையும் குழவியையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார். மாவு டப்பாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். தனக்கு உயிரான கோதுமை உப்புமாவையும் விட்டார். திங்கள் தினைப் பொங்கல், செவ்வாய் கேப்பை அடை, புதன் இடியாப்பம், வியாழன் சோளத் தோசை என்று ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினார். எல்லாம் அரை மணி நேரத்தில் ஆகிற சமையல். ஆறரைக்கு அவள் வீடு வந்து கை கால் கழுவினால் ஏழு மணிக்குத் தட்டு முன்னால் இருக்கும். என்ன பலகாரமாக இருந்தாலும் கூடவே கொஞ்சம் சோறும் ரசமும் உண்டு.

அப்படியும் அவள் உடம்பு தேறவில்லை.

"பதினோரு மாசம் சாமி. கோதுமை எங்க வீட்டு வாசப்படியை மிதிக்கல. ஆனா வாரத்துல மூணு நாள் வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருவா. அப்போ எங்கிருந்து வருது? அவ ஆபீஸுக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு. இனிப்புப் போண்டான்னா அவளுக்கு உசுரு."

"தின்னதைப் பாத்தீரா?"

"பாக்கணுமா? முப்பத்தோரு வருஷம் ஆளுங்க முகத்தைப் பாத்தவன் நான்."

"கேட்டீரா?"

"கேட்டேன். இல்லைங்கா. கைப்பையைச் சோதிச்சேன். டீக்கடைக்காரன்ட்ட விசாரிச்சேன். கூட வேலை பாக்குற பொண்ணுட்டயும் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன்."

"என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல. கெட்டிக்காரி."

சொர்ணலிங்கத்துக்கு அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போனார். தட்டில் சூடம் ஏற்றினார். "வெளியில ஒரு வாய் கோதுமை தின்னதில்லைன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றார். விளக்குப் போட வந்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உலகம்மை அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு வலது உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தி அணைத்தாள்.

"மூணாம் நாள் மறுபடியும் வயித்துவலி சாமி. பாத்தியா, பிள்ளையாரே காட்டிக் குடுத்துட்டாருன்னு சொன்னேன்."

"அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. உள்ளங்கையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. விடிஞ்சதும் ரெண்டு சேலையை எடுத்துக்கிட்டுக் கடையநல்லூருக்கு, அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. இன்னையோட இருபது நாளு."

"அங்க உடம்பு எப்படி இருக்கு?"

"அதான் சாமி வயித்தெரிச்சல்! நல்லாத் தேறிட்டாளாம். அந்த அக்கா வைக்கிறது சப்புனு ஒரு ரசம். என் சகலைக்குப் பெருங்காய வாசனை ஆகாதுன்னு அதைக்கூடப் போடமாட்டா. அந்தத் தண்ணியைக் குடிச்சு ரெண்டு கிலோ ஏறியிருக்காளாம். பக்கத்துல போண்டாக்கடை இல்ல, அதான் விஷயம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சொர்ணலிங்கத்தின் குரல் இறங்கியது.

"உங்க மேல அவளுக்கு மரியாதை உண்டு. நீங்க ஒரு வார்த்தை கேட்டா ஒத்துக்கிடுவா. ஒத்துக்கிட்டாப் போதும், நான் மன்னிச்சுக் கூட்டிட்டு வந்துருவேன். ஏழு மணி ஆனா தட்டு எடுத்து வைக்கக் கை போகுது சாமி. வீடு வீடா இல்ல."

அதில் பொய்யில்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

"ஒரு சந்தேகம்" என்றார் சாமி. "செக்கர் ஏறி, எல்லாரையும் சோதிச்சு முடிச்ச பஸ்ஸு. அதுல டிக்கெட் எடுக்காத ஆளு யாரும் இருப்பாங்களா?"

"என் பஸ்ஸுலயா? இருக்கவே முடியாது."

"நல்லா யோசியும்."

யோசித்தார். சிரிப்பு வந்துவிட்டது. "நான் இருப்பேன். எங்களுக்குப் பாஸ் உண்டுல்லா."

"உம்மகிட்ட யாரும் டிக்கெட் கேட்டதில்லையோ?"

"செக்கர்ட்ட யாரு சாமி கேப்பா?"

சாமி எழுந்தார். "பசிக்குது. அந்தம்மாவுக்கு வைக்கிற ரசத்தை எனக்கும் வையும். ஒண்ணு மட்டும் செய்யும். சட்டியில விழுற ஒவ்வொண்ணையும் பேரு சொல்லிப் போடும்."

இது என்ன விளையாட்டு என்று சொர்ணலிங்கத்துக்குத் தோன்றியது. ஆனால் ரசம் என்றதும் மனம் கொஞ்சம் துளிர்த்தது. ரசத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய எண்ணம். மடத்துக்கு வந்தால் ரசம் அவர் பொறுப்புதான். மடத்துப் பெருங்காயம் மட்டம் என்று தன் வீட்டு டப்பாவைப் பையிலேயே கொண்டுவருவார்.

அடுப்பைப் பற்றவைத்தார். சாமி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"புளி" என்றார் சொர்ணலிங்கம். "தக்காளி. மஞ்சத்தூளு. உப்பு."

சாமி தலையாட்டினார்.

"மிளகு, சீரகம், பூண்டு. மூணையும் தட்டிப் போடுதேன். இது துவரம்பருப்பு வேகவச்ச தண்ணி. இதுல எங்க சாமி கோதுமை இருக்கு? நீங்களே சொல்லுங்க."

இன்னொரு அடுப்பில் கரண்டியை வைத்தார். "நெய். கடுகு. கறிவேப்பிலை. வத்தல் ஒண்ணு." பையிலிருந்து டப்பாவை எடுத்து, பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அள்ளி இரண்டு தரம் நெய்யில் தூவினார். அடுப்படி முழுக்க மணம் எழுந்தது. தாளிதத்தைச் சட்டியில் கொட்டிவிட்டு, "மல்லித்தழை" என்று சொல்லி அதையும் கிள்ளிப் போட்டார். "அவ்வளவுதான்."

"ஒண்ணுக்குப் பேரு சொல்லலியே."

"எதுக்கு?"

"டப்பாவுல இருந்து விழுந்ததுக்கு."

"பெருங்காயமா?" சொர்ணலிங்கம் சிரித்தார். "அது வாசனைக்குச் சாமி. அதையெல்லாம் ஒரு சாமான்னு சேப்பாங்களா?"

"எவ்வளவு போடுவீரு?"

"முதல்ல ஒரு சிட்டிகைதான் போட்டேன். அவளுக்கு வலி அதிகமாகவும் கூட்டிட்டேன். வயித்துக்கு நல்லதுல்லா. வலி வந்த ராத்திரியெல்லாம் மோர்லயும் ஒரு ஸ்பூன் கரைச்சுக் குடுப்பேன். மடக்கு மடக்குன்னு குடிச்சிருவா, பாவம்."

"அந்த டப்பாவுல என்ன எழுதியிருக்கு?"

"பெருங்காயம்னு எழுதியிருக்கு."

"அது முன்பக்கம். திருப்பிப் படியும்."

எழுத்து எறும்பு அளவில் இருந்தது. சொர்ணலிங்கம் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஓடுகிற பஸ்ஸில், கசங்கின டிக்கெட்டில், அழிந்துபோன எண்ணைப் படித்த கண் அது. டப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உரக்கப் படித்தார்.

"கோந்து."

"அடுத்தது?"

"கோதுமை மாவு."

மூன்றாவதாகப் பெருங்காயம் என்று இருந்தது. அதை அவர் படிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை வாய்க்குள்ளேயே படித்தார். எழுத்து மாறவில்லை. அடுப்பில் ரசம் நுரைத்து விளிம்புக்கு வந்தது. சாமி எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

"ஒரு சிட்டிகைதானே சாமி" என்று ஆரம்பித்தார் சொர்ணலிங்கம். ஒரு துணுக்குகூட ஆகாது என்று டாக்டர் சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்தான்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பெருங்காயத்தில் எவனாவது கோதுமையைக் கலப்பானா என்று டப்பாவின் மேல் கோபம். ஒளித்து வைத்திருந்தாலாவது திட்டலாம். டப்பாவில் எழுதியே இருந்தது. அந்த டப்பா பதினோரு மாதமும் அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. உலகம்மையின் கைப்பையை நூலிழை விடாமல் துழாவின கை, இந்த டப்பாவை ஒரு தரம் திருப்பியதில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாமச் செஞ்சுட்டேன் சாமி. தெரிஞ்சாச் செய்வேனா?"

"செய்யமாட்டீரு."

"தெரியாமச் செஞ்சது குத்தமாகுமா?"

"பெருங்காயத்தைத் தெரியாமத்தான் போட்டீரு" என்றார் சாமி. "சூடத்தைத் தெரிஞ்சுதானே ஏத்தினீரு?"

சொர்ணலிங்கத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. கோயிலிலிருந்து திரும்பி வந்து அவள் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். எரிந்திருக்கும். எரியுதா என்று அவர் கேட்கவில்லை. ஏழு மணிக்குத் தட்டை வைத்தார். சத்தியம் பண்ணிவிட்டாளே, பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டே இரண்டு கரண்டி ரசம் ஊற்றினார். அந்தப் புண் கையாலேயே பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லி எழுந்தாள்.

இப்போது அவருக்கு அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சாமி தேற்றவில்லை. சட்டியை இறக்கி, ஒரு தம்ளரில் ரசத்தை ஊற்றி, ஆற்றிக் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வெகுநேரம் கழித்துச் சொர்ணலிங்கம் முகத்தைத் துடைத்தார்.

"நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுக்கே கடையநல்லூர் போறேன். அவ முன்னால, அவ அக்கா முன்னால சூடம் ஏத்தி, இந்தக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணுதேன். தெரியாமத்தான் போட்டேன்னு சொல்லுதேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியில் இன்னும் பெருங்காயம் ஒட்டியிருந்தது. "என்னை நம்புவாளா சாமி?"

சாமி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"சூடம் எதுக்கு? நீரு வாயால சொன்னாலே நம்பிருவாங்க. பதினோரு மாசமா தட்டுல நீரு ஊத்துன ரசத்தை, 'இதுல என்ன போட்டீங்க'ன்னு ஒரு நாளாவது கேட்டாங்களா?"