சிந்தெடிக்கா, சாதாவா

“மனுசனுக்கே இங்க பதில் கெடைக்கல. இவரு காருக்குல்லா கேக்க வந்திருக்காரு.”

குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தட்டைக் கீழே போட்டாள்.

தூணுக்கு இந்தப் பக்கம் எச்சில் தட்டோடு நின்றிருந்த நல்லசிவத்துக்குக் கேட்டுவிட்டது. அவர்கள் போகும்வரை அங்கேயே நின்றார். கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

காருக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மடம் மலைச்சரிவில் இருந்தது. மேலே வரும் ஏற்றத்தின் கடைசி வளைவில் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜின் எண்ணெய் போதவில்லை என்பதற்கான விளக்கு. எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து மடத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கீழேயிருந்து வந்த மெக்கானிக் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு இறக்கத்தில்கூட இறங்காதீர்கள், என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றான். மேலாகக் கொஞ்சம் ஊற்றினாலும் பிரயோசனம் இல்லையாம். பழசை முழுக்க வடித்துவிட்டுத்தான் புதுசு ஊற்ற வேண்டும்.

ஆயில் சிந்தெடிக்கா, சாதாவா என்று கேட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார் நல்லசிவம்.

மெக்கானிக் இரண்டிலும் ஒவ்வொரு கேன் இறக்கி வைத்துவிட்டுப் போனான். அப்போது மடத்து முருங்கை பூத்திருந்தது. இப்போது காயும் பறித்துச் சாம்பாரில் போட்டுத் தின்றாயிற்று.

மடத்தை நடத்தி வந்த துறவியை எல்லோரும் அம்மா என்றார்கள். நல்லசிவமும் அப்படித்தான் கூப்பிட்டார். வதனியைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம்.

வதனி நல்லசிவத்தின் மகள். போன ஆடியில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள்.

முதல் தடவை எந்த ஆயில் ஊற்றலாம் என்று கேட்டபோது, அம்மா அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார். அவர் முற்றத்தைப் பெருக்கினார். மறுநாளும் பெருக்கினார். வேப்பமரத்தடியை மட்டும் விட்டுவிட்டார்.

இரண்டாம் தடவை கேட்டபோது, “வண்டி எங்க போகணும்?” என்றார் அம்மா.

நல்லசிவத்தின் வாயில் எந்த ஊரும் வரவில்லை.

வீட்டில் மனைவி ஆவுடையம்மாள் தனியாக இருந்தாள். தினமும் போனில் ஒரே கேள்விதான் கேட்பாள். ஆயில் மாத்தியாச்சா. இல்லை என்பார். சரி என்று வைத்துவிடுவாள். நேற்று அதையும் கேட்கவில்லை. லைட்டைப் போடாமலே உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் மூச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அதனால்தான் இன்றைக்கு மூன்றாம் தடவை. கேன் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் வைத்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நல்லசிவம் எல்லாவற்றையும் சொன்னார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய வாய். சிந்தெடிக் சீக்கிரம் கெடாது, சூட்டைத் தாங்கும், ரொம்ப நாளைக்கு மாற்ற வேண்டாம். ஆனால் இது பழைய என்ஜின். எங்கேயாவது கசிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். சாதாவுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் சீக்கிரம் கறுத்துவிடும். கொஞ்ச நாளிலேயே மறுபடி வடிக்க வேண்டும். மறுபடி வடிப்பது என்று சொல்லும்போது குரல் இறங்கியது.

அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

“ரெண்டும் நல்லதாத்தான் தெரியுது.”

“அப்ப எதை ஊத்தட்டும்மா?”

“ஊத்த எடம் இருக்கா?”

நல்லசிவம் கேன்களைப் பார்த்தார்.

“உள்ள இப்ப என்ன கெடக்கு?” என்றார் அம்மா.

“சாதா.”

“நிச்சயமாத் தெரியுமா?”

தெரியும். அவர் வதனியைக் கடைக்கு அனுப்பும்போது சிந்தெடிக் வாங்கி வா என்றுதான் சொன்னார். அவள் சாதாவை வாங்கிக்கொண்டு வந்தாள். கேட்டதற்கு, இந்தக் கிழவிக்கு அந்த மேக்கப்பெல்லாம் என்னத்துக்குப்பா என்றாள். காரை அவள் கிழவி என்றுதான் சொல்லுவாள். அப்பாவை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே அடியில் நுழைந்து எண்ணெய் வடியும் திருகைக் கழற்றினாள், தானே புதுசை ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது. துப்பட்டாவால் துடைத்தாள். அவர் திட்டினார். துணிக்காகத் திட்டினார்.

அடுத்த வாரம் காய்ச்சல்.

இதையெல்லாம் நல்லசிவம் கேன்களின் மூடியைப் பார்த்தபடியே சொன்னார்.

அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டார்.

“பதினாறாம் நாளு தலைக்கு எண்ணெ வச்சாங்களாய்யா?”

சாவு வீட்டில் அன்றைக்குச் சொந்தக்காரர்கள் தலையில் எண்ணெய் வைப்பார்கள். தேய்த்துக் குளித்து எழுந்தால் துக்கம் முடிந்தது என்று அர்த்தம். மறுநாளிலிருந்து அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

“அவளுக்கு வச்சாங்க. வீட்டுக்காரிக்கு.”

“உங்களுக்கு?”

“கிண்ணம் எங்கிட்ட வந்ததும் எந்திரிச்சிட்டேன். போய்க் காருக்குள்ள உக்காந்துக்கிட்டேன். மச்சினன் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பாத்தான். கூட்டம் கலையுற வரைக்கும் எறங்கல.”

“அது எந்த எண்ணெ?”

“நல்லெண்ணெயாத்தான் இருக்கும்.”

“சிந்தெடிக்கா, சாதாவா?”

நல்லசிவம் நிமிர்ந்தார். அம்மாவின் முகத்தில் கேலி இல்லை. கீரை மண் ஒட்டிய விரல்கள் மடியில் கிடந்தன.

“பாக்கல,” என்றார். “கிண்ணத்தையே பாக்கலம்மா.”

வெளியே யாரோ வாளி இழுக்கும் சத்தம் கேட்டது.

“அவ மத்ததெல்லாம் நின்னுபோச்சு,” என்றார் நல்லசிவம். “கைக்கடிகாரம் நின்னுபோச்சு. போன் அணைஞ்சுபோச்சு. அவ வச்ச செடியும் பட்டுப்போச்சு. இது ஒண்ணுதான். அவ ஊத்தினது இது ஒண்ணுதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.”

அம்மா திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

“ஓடுதா?”

நல்லசிவமும் பார்த்தார்.

காரின் மேல் சருகு மூடியிருந்தது. முன் கண்ணாடியில் காக்கை எச்சம். ஒரு சக்கரம் காற்று இறங்கித் தரையோடு சப்பையாகக் கிடந்தது. அவர் வந்த நாளிலிருந்து தினமும் அந்தி நேரத்தில் போய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காரை ஒரு நாளும் பார்க்கவில்லை.

கீரை வாடத் தொடங்கியது.

நல்லசிவம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

சமையற்கட்டு வாசலில் போய் நின்று, ஆகாத சட்டி ஏதாவது இருக்குமா என்று கேட்டார். காலையில் குழாயடியில் பேசிய பெண்தான் எட்டிப் பார்த்தாள். என்னத்துக்கு என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு நசுங்கிய அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் காரைச் சுற்றியிருந்த சருகை ஒதுக்கினார். சாக்கை விரித்தார். கல்லை வைத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். சட்டியைத் தள்ளிக்கொண்டு அடியில் நுழைந்தார். வெளியே தெரிந்த அவருடைய இரண்டு பாதங்களும் கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

அப்புறம் திருகு கழன்றது.

முதலில் சொட்டு. பிறகு நூலாக வந்தது. தாரைப் போலக் கறுப்பு. சத்தமே இல்லாமல் சட்டிக்குள் இறங்கியது. நிற்கும்வரை உள்ளேயே கிடந்தார்.

சட்டியோடு வெளியே வந்தபோது சட்டையெல்லாம் மண். மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டியை மடிக்கு அருகில் இழுத்துக்கொண்டார். கேன் இரண்டும் மூடி திறக்காமல், கீரைத் தண்டுகளுக்குப் பக்கத்தில், வைத்த இடத்திலேயே இருந்தன.

நல்லசிவம் வலது கையைச் சட்டிக்குள் விட்டு நனைத்தார். உச்சந்தலையில் வைத்தார். நரைத்த முடிக்குள் தேய்த்தார். நெற்றியில் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கை அள்ளி வைத்தார்.

அம்மா எழுந்து போய், வெந்நீருக்கு அடுப்பு மூட்டினார்.