எழுநூறு கலோரி

மில் விடுதியில் தங்கியிருந்த பொன்னுத்தாயி வேலையில் மயங்கி, எந்திரத்தில் விழுந்து செத்த மறுநாள் அதிகாரி விசாரிக்க வந்தார். மேலாளர் குலசேகரன் உணவுப் பதிவேட்டை நீட்டினார்.

"வேளைக்கு இருநூறு கிராம் சோறு, எழுநூறு கலோரி. யாரையும் பட்டினி போடலைங்க. சமையல்காரியே சாட்சி."

சமையல்காரி சடைச்சி உள்ளே போய் இருநூறு கிராம் அரிசியை நிறுத்து, வேகவைக்காமலே தட்டில் கொட்டி மேலாளர் முன்னால் வைத்தாள்.

"என்னடி இது?"

"நீங்க எழுதின எழுநூறு கலோரிங்கய்யா. அரிசி மூட்டையில போட்டிருந்த கலோரிக் கணக்கை அப்படியே சோத்துக்கு எழுதிட்டீங்க. ஒரு கிலோ அரிசி வெந்தா மூணு கிலோ சோறு. அந்தப் புள்ள தின்னதுல மூணுல ரெண்டு பங்கு தண்ணி."

அதிகாரி பதிவேட்டை மூடினார்.

"சாப்பிடுங்க," என்றார் மேலாளரிடம். "முடிக்கிற வரைக்கும் இருக்கேன்."