அழுங்கு தோண்டிய ஊற்று

கல்லாற்றுக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில், முன்காலில் நீள நகம், எதற்கெடுத்தாலும் பயம். யாராவது கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும், பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும். அதற்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. அதனால் காட்டில் எல்லாரும் அதை ஒண்டி என்றே கூப்பிட்டார்கள்.

சித்திரை பிறந்தால் கல்லாறு வற்றிவிடும். எங்கே பார்த்தாலும் மணல்தான். ஒண்டி ஆற்று வளைவில் இறங்கி ஊற்றுத் தோண்டும். நகத்தால் மணலைப் பறிக்கும், வாலால் வெளியே தள்ளும். முதலில் வரும் கலங்கல் தண்ணீரை இறைத்துக் கொட்டும். அப்புறம் பாருங்கள், கண்ணாடி மாதிரி ஊறும்!

அதன் ஒரு வாய்க்கு ஒரு சாண் குழி போதும். ஆனால் ஒண்டி வண்டிச்சக்கரம் அகலத்துக்குத் தோண்டியது. ஏன் தெரியுமா? தண்ணீர் குடிக்க நாலு பேர் வந்தால் நாலு பேச்சுக் காதில் விழுமே! அந்த ஆசைதான். வேறொன்றும் இல்லை.

வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வழக்கம் வைத்திருந்தது. குடித்துவிட்டுப் போகும்போது சரிந்து கிடக்கும் மணலில் ஒரு கை அள்ளி வெளியே போட வேண்டும். அள்ளாவிட்டால் ஊற்று தூர்ந்துவிடும். மானும் பன்றியும் குரங்கும் அப்படியே செய்தன. பூவாத்தா என்ற முயல் மட்டும் ஒரு கை போதாதென்று நாலு கை அள்ளுவாள். அள்ளிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள்.

"அண்ணே, கேட்டீங்களா? குரங்கு வீட்டுல மறுபடியும் சண்டை!"

"அப்படியா?" என்று ஒண்டி கேட்கும். அதற்கு அவ்வளவுதான் பேச வரும். ஆனால் அந்த ஒரு 'அப்படியா'வுக்காக அது காலையிலிருந்து காத்துக் கிடக்கும்.

நல்லமுத்து என்று ஒரு நரி. அதற்கு உடம்பு வளையாது, நாக்கு மட்டும் நன்றாக வளையும். மணல் அள்ளுவதா, நானா என்று அதற்கு ரோஷம் வந்துவிட்டது. பாறைமேல் ஏறி நின்று கத்தியது.

"தண்ணி குடிச்சா கூலி வேலை செய்யணுமாம்! இது என்ன நியாயம்? ஆறு எல்லாருக்கும் பொது. மணலும் பொது. மணலுக்குள்ள இருக்கிற தண்ணி மட்டும் எப்படி ஒண்டிக்குச் சொந்தமாச்சு?"

"அதானே!" என்றது குரங்கு.

"அவன் வளையில ஈரம்! நம்ம வீட்டுல புழுதி! இதை விடலாமா?" என்று நரி மேலும் ஏற்றிவிட்டது.

"விடக் கூடாது!" என்று கூட்டம் கத்தியது. அதுவரை வாய் மூடி மணல் அள்ளிய பன்றிக்கும் திடீரென்று முதுகு வலித்தது.

கூட்டம் புலிராஜாவின் குகைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்க மாட்டோம் என்று ஒரே கூச்சல். பூவாத்தா மூச்சிரைக்க ஒண்டியிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க! நான்தான் தோண்டினேன், யாரையும் போகச் சொன்னதில்லைன்னு சொன்னாப் போதும். ராஜா கேட்டுக்குவாரு!"

"எனக்குக் கூட்டம்னா கைகால் உதறுதே, பூவாத்தா!"

"நான் பக்கத்துலயே நிக்கிறேன், வாங்க!"

ஒண்டி போனது. புலிராஜா கெட்டவர் இல்லை. வயதானவர். நாலு பேர் வாழ்த்தினால் மனம் குளிர்ந்துவிடும், நாலு பேர் முணுமுணுத்தால் சாப்பாடு இறங்காது. "ஒண்டி, நீ என்னப்பா சொல்றே?" என்று தன்மையாகத்தான் கேட்டார்.

ஒண்டி வாயைத் திறந்தது. அதற்குள் நரி, "பதில் சொல்லுடா!" என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். ஒண்டி பந்தாகச் சுருண்டுவிட்டது.

"பார்த்தீங்களா திமிரை! ராஜா கேக்குறாரு, முதுகைக் காட்டுறான்!"

செதிலுக்குள்ளே ஒண்டி காத்திருந்தது. பூவாத்தா ஒரு வார்த்தை பேசுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. பூவாத்தா சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேரும் கோபமாக இருந்தார்கள். நாளைக்கும் இவர்களோடுதானே இருக்க வேண்டும்? அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

புலிராஜா ஆணை போட்டார். "இன்று முதல் ஊற்று அரண்மனைச் சொத்து! எல்லாருக்கும் சமமாகத் தண்ணீர். மணல் அள்ள வேண்டியதில்லை. நல்லமுத்து மேற்பார்வை பார்ப்பான். ஒண்டி அதில் கை வைக்கக் கூடாது!"

காடே குதித்தது. "ராஜா வாழ்க!" என்று குரங்குகள் கிளையை உலுக்கின. ராஜாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஒண்டி ஆற்றோடு மேற்கே வெகுதூரம் நடந்தது. ஆளில்லாத இடத்தில் ஒரு சாண் குழி பறித்தது. தண்ணீர் ஊறியது. குடித்தது. "அப்படியா?" என்று தானாகச் சொல்லிப் பார்த்தது. யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அழுகை வந்துவிட்டது அதற்கு.

அங்கே ஊற்றில் என்ன நடந்தது? முதல் வாரம் திருவிழாதான்! குரங்குகள் குதித்துக் குளித்தன. பன்றி படுத்து உருண்டது. மான்கள் கரையை மிதித்துச் சரித்தன. மேற்பார்வை பார்க்க வேண்டிய நரி நிழலில் படுத்துக்கொண்டு, தன் மச்சானையும் மாமனையும் முதலில் குடிக்க அனுப்பியது. மணல் சரிந்தது. யாரும் அள்ளவில்லை. அள்ள வேண்டியதில்லை என்றுதானே ஆணை!

தண்ணீர் சேறாயிற்று. கூட்டம் மறுபடியும் குகை வாசலில் உட்கார்ந்தது.

"ராஜா, ஊற்றை ஆழப்படுத்திக் குடுங்க!"

"ஆழப்படுத்த ஆணையிட்டேன்!" என்றார் ராஜா.

"யாரு தோண்டுறது?" என்று பன்றி கேட்டது. மான் குரங்கைப் பார்த்தது. குரங்கு நரியைப் பார்த்தது. நரி, "நான் மேற்பார்வை!" என்றது. சேறும் காய்ந்தது.

ஒருநாள் மத்தியான வெயிலில் பூவாத்தா மேற்கே தேடிக்கொண்டு வந்தாள். உதடு வெடித்திருந்தது. அவளைக் கண்டதும் ஒண்டி சுருண்டுகொண்டது.

"அண்ணே, என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறதுன்னு தெரியலை."

செதிலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கேட்டா என்னைக்கு இல்லைன்னு சொன்னேன்? பிடுங்கும்போது பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"பயந்துட்டேன் அண்ணே."

ஒண்டி மெல்ல விரிந்து விலகி நின்றது. பூவாத்தா குடித்தாள்.

"அண்ணே, அங்க மத்தவங்களும் நாக்கு வறண்டு கிடக்காங்க. இங்க பெருசாத் தோண்டுவீங்களா?"

"தோண்டினா மறுபடியும் ஆணை வரும். எனக்கு மனசு விட்டுப்போச்சு, போ!"

பூவாத்தா திரும்பிப் போனாள்.

அவள் போனபின் ஒண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வெடித்த உதடே கண்ணில் நின்றது. 'என்னதான் செய்தாலும் நம்ம ஜனம்தானே' என்று நினைத்தது. அந்த வெயிலிலேயே பறிக்கத் தொடங்கியது. நகம் தேயத் தேயப் பறித்தது. சாயங்காலத்துக்குள் வண்டிச்சக்கரம் அகலத்துக்குத் தெளிந்த தண்ணீர்! ஒண்டி கிழக்கே ஓடியது. வாழ்நாளில் முதல்முறையாக உரக்கக் கத்தியது.

"பூவாத்தா! எல்லாரும் வாங்க! தண்ணி இருக்கு!"

புதரெல்லாம் காலி. மரமெல்லாம் காலி. மலைக்கு அந்தப்புறம் போகும் பாதையில் காலடித் தடங்கள் மட்டும் இருந்தன. தண்ணீர் தேடிக் குழந்தைகுட்டிகளோடு காடே கிளம்பிப் போய்விட்டது.

மலை ஏற முடியாத புலிராஜா மட்டும் குகை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒண்டி அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தது.

"நான் எல்லாருக்கும் நல்லதுதானே நினைச்சேன், ஒண்டி?" என்று ராஜா கேட்டார்.

"நினைச்சீங்க ராஜா. ஆனா என்கிட்ட இருந்து வாங்கி அவங்களுக்குக் குடுத்தீங்களே, அவங்க ஏற்கெனவே குடிச்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க!"

அந்தக் கோடை முழுவதும் ஊற்று நிறைய ஊறிக்கொண்டே இருந்தது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

ஒருவன் பாடுபட்டு உண்டாக்கி மனதாரப் பகிர்ந்துகொள்வதை, கூச்சல் போட்டு ஆணையால் பிடுங்கிக்கொண்டால், அந்தப் பொருளும் நிலைக்காது, அவனோடு இருந்த உறவும் நிலைக்காது.